தடித்த கேத்திரகணித எழுத்துரு தமிழ்ப் பெயர்ப்பலகைக்குப் பொருந்துமா?

பலகைக்காரன் (கல்லடி)

அனைவருக்கும் வணக்கம். கல்லடியில் பெயர்ப்பலகையும் பதாகையும் செய்து கொடுக்கும் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் மணப்பெண் உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றுக்கு மும்மொழிப் பலகை செய்தேன். உரிமையாளர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் ஆங்கில எழுத்துகள் கவராயத்தால் வரைந்தவை போல உருண்டு, கட்டியாக, எந்த அலங்காரமும் இல்லாமல் இருந்தன. அதே தோற்றம் மூன்று மொழிகளிலும் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

ஆங்கிலத்துக்கு பொப்பின்ஸ் எழுத்துருவின் மிகத் தடித்த நிலையை எடுத்தேன். அதில் தமிழ் இல்லை என்பதால் கணினியில் ஏற்கெனவே இருந்த ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்டு, தடிப்பாக்கும் பொத்தானை அழுத்தி, அதுவும் போதாமல் எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் வெளிக்கோடும் இட்டு ஆங்கிலத்தின் கனத்துக்குக் கொண்டுவந்தேன். கணினித் திரையில் அழகாகவே இருந்தது.

பலகை ஏறிய மறுநாள் எதிர்ப்புறத் தேநீர்க்கடையில் இருந்தவர்கள், "மணமகள்" என்பதை "மனமகள்" என்று பிழையாக எழுதிவிட்டேன் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபமாக அழைத்தார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன், எழுத்து சரியாகவே இருந்தது. இறங்கி வீதியைக் கடந்து நின்று பார்த்தேன், அவர்கள் சொன்னதும் சரியாகவே இருந்தது. மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, தூரத்தில் இரண்டு சுழி னகரமாகவே தெரிகிறது. தவறு எழுத்துருவிலா, என்னிலா, அல்லது இந்தப் பாணியே தமிழுக்கு ஒவ்வாததா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கவராயம் (காரைதீவு)

தம்பிக்கு வணக்கம். மாணவர்களுக்கு வரைகலை கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் பலகையில் இரண்டு வேறு தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தடிப்பாக்கும் பொத்தான். ஓர் எழுத்துருவில் தடித்த நிலை தனியாக வரையப்படாதிருந்தால், மென்பொருள் இருக்கும் எழுத்தின் விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீங்கச் செய்துவிடும். வெளிப்பக்கம் வீங்கினால் எழுத்து சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். உட்பக்கம் வீங்கும்போதுதான் சுழி அடைபடுகிறது. நீங்கள் அதன்மேல் வெளிக்கோடும் இட்டிருப்பதால் ணகரத்தை இரண்டு தடவை அடைத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது தவறு நுட்பமானது: ஆங்கிலத்தின் கனத்தை அப்படியே தமிழுக்கும் கொடுத்தது. அதைச் சொல்ல இந்தப் பாணி பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். பவுல் ரென்னர் வரைந்த ஃபியூச்சுரா 1927ஆம் ஆண்டு பிராங்பேர்ட்டிலிருந்த பவர் எழுத்து வார்ப்பகத்திலிருந்து வெளிவந்தது. வட்டமும் முக்கோணமும் நேர்கோடுமே அதன் எலும்புக்கூடு. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டிலும் அந்த எழுத்துத்தான் இருக்கிறது. (நம் தொழிலில் அத்தனை உயரத்தில் மாட்டிய பலகை வேறு எதுவும் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.) ஆனால் கவராயத்தால் வரைந்தது போலத் தெரியும் அதன் ஆங்கில ஓ (O) எழுத்தின்மீது உண்மையான கவராயத்தை வைத்துப் பார்த்தால், அது முழு வட்டமல்ல என்பது புலப்படும். ஒரே தடிப்பில் வரைந்த வட்டத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் பக்கங்களைவிடத் தடித்தவையாகக் கண்ணுக்குத் தோன்றும் என்பதால் அவ்விடங்களில் கோடு மெலிதாக்கப்பட்டிருக்கிறது. வட்டமான எழுத்துகள் தட்டையானவற்றைவிட ஒரு மயிரிழை மேலேயும் கீழேயும் நீண்டிருக்கும், இல்லாவிட்டால் அவை குறுகித் தெரியும். மெல்லிய நிலையில் ஊசிமுனையாக நிற்கும் ஆங்கில ஏ (A) எழுத்தின் உச்சி தடித்த நிலையில் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. ஆக, கேத்திரகணிதம் என்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றமே தவிர வரைந்த முறை அல்ல. தடிப்புக் கூடக் கூட வரைபவர் கேத்திரகணிதத்தைக் கைவிட்டுக் கண்ணை நம்பத் தொடங்குகிறார்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளில் மூடிய உள்வெளி கொண்டவை ஏழே ஏழு, அவற்றிலும் இரண்டு அறை உள்ளது ஒன்றே ஒன்று. தமிழில் டகரமும் பகரமும் எவ்வளவு தடிப்பையும் தாங்கும், ஏனெனில் அவற்றில் மூடிய இடமே இல்லை. டகரத்தின் நடுவே ஒரு கிடைக்கோடு இழுத்தால் அது எழுத்தை ஒரே தடவைதான் வெட்டும். ணகரத்தின் நடுவே அதே கோட்டை இழுத்தால் நான்கைந்து தடவை வெட்டும். ஒரு பேச்சுக்கு எழுத்தின் அகலம் 150 அலகு, கோட்டின் தடிப்பு 25 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கோடுகளுக்கே 125 போய்விடும், மிச்சமிருக்கும் 25ஐ நான்கு வெளிகள் பங்கிட வேண்டும். ஆளுக்கு ஆறு அலகு. அதுதான் தேநீர்க்கடையிலிருந்து தெரியாமல் போன ஆறு அலகு.


கோட்டைமுனை

ஆசிரியையின் விளக்கத்தை மறுக்கவில்லை, ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிந்துவிட விரும்புகிறேன். நான் விளம்பரத் துறையில் இருப்பவன். வாடிக்கையாளர் வாங்க வருவது எழுத்துகளை அல்ல, ஒரு தோற்றத்தை. தடித்த கேத்திரகணித எழுத்து நவீனமாகவும் நம்பிக்கை தருவதாகவும் தெரிகிறது என்பதாலேயே வங்கி முதல் கைபேசிக் கடை வரை எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். சின்னமாகப் பழகிவிட்ட பெயரை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. ஒரு சுழி அடைபட்டதற்காக ஒரு பாணியையே தமிழுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டால், மும்மொழிப் பலகைகளில் தமிழ் வரி எப்போதும் ஆங்கில வரிக்குப் பக்கத்தில் ஒல்லியாக, கூச்சத்தோடு நிற்கும். அதையும் நாம் எத்தனையோ பலகைகளில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.


கத்திமுனை (சாய்ந்தமருது)

கோட்டைமுனைத் தம்பி சொல்வது கடதாசியில் சரி. ஆனால் அந்தச் சுழியைக் கையால் கிள்ளி எடுப்பவன் நான்.

ஒட்டுத்தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், இயந்திரம் வெட்டுவது பாதி வேலைதான். எழுத்துக்குள் இருக்கும் தேவையற்ற துண்டுகளை ஒவ்வொன்றாகக் கத்திமுனையால் கிளப்பி உரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு நாலைந்து துண்டுகள் வரும். "மண்முனை" என்று வெட்டக் கொடுத்துப் பாருங்கள். ணகரத்தின் சுழி, புள்ளி, முகரத்தின் வளைவு, னையின் கொம்புச் சுழிகள் இரண்டு என்று அது முடியவே முடியாது. இரண்டு மில்லிமீற்றர் அகலம்கூட இல்லாத துண்டை உரிக்கும்போது பக்கத்துக் கோடும் சேர்ந்து எழும்பிவிடும். எழும்பாமல் தப்பியது வெயிலில் ஆறு மாதம் காய்ந்தபின் தானாக எழும்பும். ஆகவே எங்கள் கடையில் எந்த எழுத்துருவைக் கொண்டுவந்தாலும் முதலில் "மண்முனை" என்றுதான் தட்டிப் பார்ப்போம். அந்தச் சொல் தப்பினால் மற்ற எல்லாச் சொல்லும் தப்பும்.

இன்னொன்று. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று படும் இடங்களை ஒரே உருவமாக இணைத்த பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் எழுத்தின் நடுவாலும் கத்தியை ஓட்டிவிடும். தடித்த எழுத்தில் கொம்பும் எழுத்தும் நெருங்கி ஒன்றையொன்று தொடுவதால் இது அடிக்கடி நடக்கும். அக்கிறிலிக்கில் எழுத்து வெட்டி உள்ளே விளக்குப் போடுவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒளி விளிம்பைத் தாண்டிக் கசியும், இரவில் எழுத்து பகலைவிடத் தடித்துத் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கும் இதே கதைதான். அதற்கெல்லாம் நினைத்ததைவிட ஒரு படி மெல்லிய நிலையை எடுப்பதே எங்கள் வழக்கம்.


அச்சுக்கோப்பாளர் (புளியந்தீவு)

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்திலிருந்து அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறேன். இந்தப் பாணி தமிழுக்கு அந்நியமானது என்ற எண்ணம் இந்த இழையில் மெல்ல நுழைவது போலத் தெரிகிறது. அது பாதிதான் உண்மை.

ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெலிவும் வந்தது அகன்ற முனையுள்ள பேனாவால். நம் முன்னோர் எழுதியது எழுத்தாணியால், ஓலையில். எழுத்தாணி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தடிப்பான கீறலையே இடும். ஆகவே ஒரே தடிப்பான கோடு நமக்குப் பழகிய கோடு. தடிப்பு மிகுந்த கோடுதான் புதிது. ஓலையில் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டார்கள், வாசிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். இன்று தடித்த எழுத்துருக்களில் புள்ளியைப் பெரிய வட்டமாக வரைந்து எழுத்தின் தலையில் ஒட்ட வைத்துவிடுகிறார்கள். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் அது இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

தலைப்புக்கென்று அச்சகத்தில் நாங்கள் வைத்திருந்த பெரிய எழுத்துகளில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாமல் மெய்ப்புப் பார்ப்பவர் திணறியதும் நினைவிருக்கிறது. ரகரத்தின் அடியிலுள்ள சாய்ந்த வால் தடிப்பில் மறைந்துவிடும். எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்துவதும் ஒரு சிறு கோடுதான். பலகைக்காரன் தம்பி ணகரத்தை மட்டும் பார்த்துவிட்டு இவற்றை விட்டுவிடக்கூடாது.


பலகைக்காரன்

ரீச்சர், காக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு "மண்முனை" சோதனையைச் செய்து பார்த்தேன். என் கணினியில் உள்ள பாமினி வகை எழுத்துருக்களில் ஒன்றுகூடத் தடித்த நிலையில் தேறவில்லை, ஏனெனில் எதற்கும் உண்மையான தடித்த நிலை இல்லை, எல்லாம் பொத்தானால் வீங்கியவைதான். அப்படியானால் தமிழில் தடித்த நிலை தனியாக வரையப்பட்ட, சட்டச் சிக்கல் இல்லாமல் வணிகப் பலகைக்குப் பயன்படுத்தக்கூடிய எழுத்துருக்கள் எவை என்று சொல்ல முடியுமா?


கவராயம்

இலவசமாக, திறந்த உரிமத்தோடு கிடைப்பவற்றிலேயே போதுமானவை இருக்கின்றன. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது. மயிரிழை போன்ற மெலிவிலிருந்து மிகத் தடித்தது வரை 9 நிலைகள் அதில் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழிலும் 9 நிலைகள். ஹிந்த் மதுரை 5 நிலைகளோடு நின்றுவிடுகிறது, ஆனால் அந்த ஐந்தும் நேர்மையானவை. ஏக் டைப் குழுவினரின் முக்த மலர் என்ற எழுத்துரு, நாளிதழ்த் தலைப்புப் போல நிமிர்ந்து நிற்கும். அவர்களுடைய பலூ தம்பி உருண்டு திரண்டது, இனிப்புக் கடைக்குப் பொருந்தும், சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் பொருந்தாது. அதே குழுவின் அனேக் தமிழில் தடிப்போடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். "சாய்ந்தமருது", "ஆலையடிவேம்பு" போன்ற நீண்ட பெயர்களைச் சிறிய பலகையில் அடக்க வேண்டியவர்களுக்கு இது பெரும் உதவி. எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்கும் பழக்கத்தை இனியாவது விட்டுவிடலாம்.

இவற்றில் எதுவுமே ஃபியூச்சுராவைப் போலக் கண்டிப்பான கேத்திரகணித எழுத்துரு அல்ல என்பதைக் கவனியுங்கள். கட்டமரானின் தடித்த நிலையை அருகில் வைத்துப் பார்த்தால், சுழிகள் நெருங்கும் இடத்தில் கோடு மெலிந்தும் வெளிப்புறத்தில் தடித்தும் இருப்பது தெரியும். கண் அதைக் கவனிப்பதில்லை, ஒரே தடிப்பு என்றே ஏமாறுகிறது. இந்த ஏமாற்றைத்தான் பொத்தானால் செய்ய முடியாது.

கோட்டைமுனை சொன்ன ஒல்லித் தமிழ் பற்றி ஒன்று. அந்தக் குறை நியாயமானது, ஆனால் தமிழைத் தடிப்பாக்குவது அதற்கு மருந்தல்ல. ஆங்கிலத்தை ஒரு படி இறக்குங்கள். எழுத்துருவின் தடிப்பு நிலையை எண்ணால் குறிப்பார்கள், எண் கூடினால் தடிப்பும் கூடும். ஆங்கிலம் 900 என்ற எண்ணில் இருந்தால் அதை 700க்குக் கொண்டுவாருங்கள், தமிழையும் 700இல் வையுங்கள், தமிழின் உயரத்தைச் சற்றுக் கூட்டுங்கள். தூரத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது இரண்டு வரிகளும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. மொழிகளுக்கிடையே ஒத்துப்போக வேண்டியது கோட்டின் தடிப்பல்ல, இந்தச் சாம்பல் நிறம்தான்.


தூரிகை (காத்தான்குடி)

இந்தத் தலைமுறை எழுத்துருவைத் தேடிக் கணினிக்குள் போகிறது. நாங்கள் சுவரில் எழுதியவர்கள். சுண்ணக்கட்டி பூசிய நூலைச் சுவரில் தெறித்து இரண்டு கோடு போட்டு, தட்டைத் தூரிகையால் கட்டை எழுத்து எழுதுவோம். கட்டை எழுத்தில் ணகரம் எழுதும்போது சுழியை வட்டமாகப் போடமாட்டோம், சதுரம் போலத் தட்டையாக்கி, எழுத்தையும் மற்ற எழுத்துகளைவிட ஒன்றரை மடங்கு அகலமாக்குவோம். யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. தூரிகையின் அகலத்துக்குக் குறைந்த இடத்தில் தூரிகை நுழையாது என்பதே பாடம். மட்டக்களப்பு என்று எழுதும்போது இரண்டு டகரங்களின் வலப்பக்கமும் மேலே வெறுமையாக நிற்கும். அதற்காக அவற்றை நெருக்கி எழுதுவோம். கணினியில் எழுதிய பலகைகளில் அந்த இடத்தில் பல் விழுந்தது போல ஓட்டை தெரிகிறதை நான் இன்றும் பஸ்ஸில் போகும்போது எண்ணிக்கொண்டு போவேன்.


கவராயம்

தூரிகைக் காக்காவின் பதிவை என் மாணவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். இன்று உலகெங்கும் பயன்படும் கேத்திரகணித எழுத்துருக்களில் சில இப்படி வீதியிலிருந்தே வந்தவை. தோபியாஸ் ஃப்ரீயர்-ஜோன்ஸ் 2000ஆம் ஆண்டளவில் வரைந்த கொதம், நியூயோர்க்கின் பழைய கட்டிட முகப்பு எழுத்துகளைப் பார்த்து வரையப்பட்டது. 2008இல் ஒபாமாவின் தேர்தல் பிரசாரம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. ஜூலியெட்டா உலனோவ்ஸ்கி வரைந்த மொன்செராட், புவெனஸ் அயர்ஸ் நகரின் அதே பெயருள்ள பகுதியின் பழைய பலகைகளிலிருந்து வந்தது. நம் நாட்டிலும் மதில்களில் அச்சுத்தகடு வைத்து அடிக்கும் "விளம்பரம் ஒட்டாதீர்" வகை எழுத்துகளைப் பார்த்து, ஸ்டிக் நோ பில்ஸ் என்ற சிங்கள, ஆங்கில எழுத்துரு உருவானது. காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் எஞ்சியிருக்கும் கட்டை எழுத்துச் சுவர்களை, வெள்ளையடிப்பதற்கு முன் யாராவது நேருக்கு நேர் நின்று படமெடுத்து வையுங்கள். சாய்வாக எடுத்த படம் வரைபவருக்கு உதவாது.


கோட்டைமுனை

ஒரு விடயத்தில் இறங்கி வருகிறேன். ஐக்கியா தளபாட நிறுவனம் பல்லாண்டுகளாக ஃபியூச்சுராவின் ஒரு வடிவத்தை வைத்திருந்துவிட்டு 2009இல் வெர்டானாவுக்கும் 2019இல் நோட்டோவுக்கும் மாறியது. எத்தனை மொழிகளில் எழுத வேண்டியிருக்கிறது என்பதே முக்கிய காரணம். அவர்களைப் போன்றவர்களே தோற்றத்தை விட்டுக்கொடுத்து எல்லா மொழியிலும் எழுதக்கூடியதைத் தேடினார்கள் என்றால், மணப்பெண் உடைக் கடையும் விட்டுக்கொடுக்கலாம்தான். ஆனாலும் சின்னத்துக்கென்று நான்கு எழுத்தை மட்டும் தனியாகக் கையால் வரைந்தால் எவ்வளவு தடிப்பும் சாத்தியம் என்பதில் மாற்றமில்லை. தூரிகைக் காக்காவே அதற்குச் சாட்சி.


கத்திமுனை

உயரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது தொழிலில் சொல்லும் பொதுக் கணக்கு, ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. கொம்பும் புள்ளியும் விசிறியும் விட்டு, தமிழில் ககரத்தின் உடலை மட்டும் அளந்து அந்தக் கணக்கைப் போடுங்கள் தம்பி.


பலகைக்காரன்

பலகையை மாற்றிவிட்டேன். செலவில் பாதியை நானே ஏற்றுக்கொண்டேன், மீதியை உரிமையாளர் முணுமுணுத்துக்கொண்டே தந்தார். கட்டமரானின் 700ஐத் தமிழுக்கு எடுத்து, பொப்பின்ஸையும் அதே படிக்கு இறக்கி, ணகரத்தை மட்டும் தூரிகைக் காக்கா சொன்னபடி சற்று அகட்டினேன். வீதியின் அகலம் நாற்பதடி, நடைபாதையும் சேர்த்தால் ஐம்பது. ஐந்து அங்குலம் போதும் என்று கணக்கு வந்தது, ஆறு வைத்தேன். புள்ளிக்கும் ளகரத்துக்கும் இடையே ஒரு தீக்குச்சியின் அகலம் வெளி விட்டேன்.

இன்று காலை அதே தேநீர்க்கடையில் இருந்துகொண்டு, பலகையைப் பார்க்காதவன் போல, அங்கிருந்த ஒருவரிடம் அந்தக் கடையின் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து "மணமகள்" என்றார். ணகரத்தை அழுத்தியே சொன்னார். சிங்கள வரியை நான் இன்னும் தொடவில்லை. அதில் தமிழைவிடச் சுழிகள் அதிகம், அதையும் அன்று பொத்தானால்தான் தடிப்பாக்கியிருந்தேன். நோட்டோ சான்ஸ் சிங்களத்தில் 700ஐப் போட்டுப் பார்த்தபோது தமிழ் வரியைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. 600 சரியா, 650 சரியா என்று அச்சிட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாளை வீதிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.